வகுப்புக்கே தண்டனை என்றால் கால் பிசகிய பையனும் ஓட வேண்டுமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் இருக்கிறோம். எட்டாவது படிக்கும் என் பையன் கபடியில் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். ஒரு மாசம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். போன வாரம் பி.டி. பீரியடில் நாலு பசங்க பேசினார்கள் என்று மொத்த வகுப்பையும் கிரவுண்டைச் சுற்றி ஓடவிட்டு, தோப்புக்கரணமும் போட வைத்திருக்கிறார்கள். இவனும் ஓடியிருக்கிறான். சாயந்திரம் கால் வீங்கிவிட்டது. சாரைக் கேட்டால், "ஒருத்தனை விட்டால் எல்லாருமே கால் வலி என்பார்கள்" என்கிறார். நான் என்ன செய்வதுங்க?

பதில்: முதலில் காலைப் பாருங்கள், பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் போகலாம். இந்த வயதில் எலும்பு நுனியில், எலும்பு வளர்கிற மென்மையான பகுதியான வளர்தட்டு (growth plate) இன்னும் கெட்டி எலும்பாக மூடியிருக்காது. மூட்டைப் பிடித்திருக்கும் தசைநாரைவிட அது பலவீனமானது. பெரியவர்களுக்கு வெறும் சுளுக்காகப் போகிற அடி, பிள்ளைகளுக்கு வளர்தட்டில் விரிசலாக இருக்கலாம். கணுக்காலின் வெளிப்பக்க எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா, காலை ஊன்றி நாலு அடி நடக்க முடிகிறதா என்று பாருங்கள். அழுத்தும்போது வலித்தாலோ, நடக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு நீவிவிட இப்போது யாரிடமும் கூட்டிப் போக வேண்டாம்.

தோப்புக்கரணம் விஷயத்தில் இன்னொன்று. பழக்கமில்லாத உடம்பை அளவுக்கு மீறிப் போட வைத்தால் தொடைத் தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இரண்டு மூன்று நாளுக்குள் தொடை கடுமையாக வலித்து, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் நேராக ஆஸ்பத்திரிதான். நல்ல கால் உள்ள பிள்ளைக்கும் இது வரும்.

சரி, டாக்டர் சொல்லியும் பையன் ஏன் ஓடினான்? அவன்மீது கோபப்படாதீர்கள். வகுப்பே ஓடும்போது ஒருவன் மட்டும் ஓரமாக நின்றால், "எங்களை மாட்டிவிட்டு நீ தப்பிச்சுட்டியா" என்று கூட இருப்பவர்களே கேட்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து பிள்ளைகள் வலியை மறைக்கிறார்கள். மொத்தமாகத் தண்டிப்பதில் நான் மிகவும் வெறுப்பது இதைத்தான். பேசாத பிள்ளை தண்டனை வாங்குகிறது, அடிபட்ட பிள்ளை வாய் திறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. ஆகவே, "முடியாது" என்று சொல்லும் வேலையைப் பையன் தலையில் வைக்காதீர்கள். முன்கூட்டியே பெரியவர்கள் சொல்லி வைக்க வேண்டும்.

அதற்கு டாக்டரின் சீட்டில் "ஓய்வு தேவை" என்று மட்டும் இருந்தால் போதாது. ஓட்டம், குதித்தல், முழுதாகக் குந்துதல் எந்தத் தேதி வரை கூடாது, கைப்பயிற்சி செய்யலாமா, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று எழுதி வாங்குங்கள். "தண்டனையாகச் செய்ய வைத்தாலும் இதுவே பொருந்தும்" என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வகுப்பு ஆசிரியருக்கும் பி.டி. சாருக்கும் ஒவ்வொரு நகல் போகட்டும். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டலில் பிள்ளையை விட்டிருப்பவர்கள் வார்டனிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள். காலை ஓட்டம் அங்கே அவர் கையில்தான் இருக்கும்.

பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். ஆகாவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும் என்பதால் உங்கள் பையனுக்குப் பொருந்தும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள், தனியார் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். போனில் சொல்ல பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் இருக்கின்றன.

வீக்கம் வடிந்ததுமே கபடிக்கு அனுப்பிவிடாதீர்கள். அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிஷம் ஆடாமல் நிற்கட்டும். அப்புறம் அதே காலில் வலியில்லாமல் நொண்டியடிக்கட்டும். இரண்டும் வந்த பிறகு டாக்டரைப் பார்த்து, மெதுவான ஓட்டத்தில் ஆரம்பியுங்கள். எந்தத் தேதியிலிருந்து ஓடலாம் என்பதையும் பள்ளிக்கு எழுத்திலேயே கொடுங்கள்.