காங்கேயம் பால்: கன்றுக்கா, சொசைட்டிக்கா?

கேள்வி: காங்கேயம் பசு, தலையீற்று. வேளைக்கு ஒன்றரை லிட்டர்தான் கறக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. இது உழவுக்கும் வண்டிக்கும் பெயர்போன இனம், கறவைக்கு அல்ல. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர், ஒரு ஈற்று முழுக்கச் சேர்த்தால் சராசரியாக 540 கிலோ, அவ்வளவுதான். தலையீற்றில் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் பசு நன்றாகவே கறக்கிறது.

கேள்வி: கன்றுக்கு இரண்டு மாதம். வயிறு பானை மாதிரி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. என்ன ஊட்டம் கொடுக்கலாம்?

ஊட்டம் அப்புறம், பால் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். இதே புகார் சொன்ன ஒருவர் தொழுவத்தில் விடிகாலையில் போய் நின்றேன். கன்றை ஊட்டவிட்டு, பசு சுரப்பு விட்டதும் இழுத்துக் கட்டிவிட்டு, நாலு காம்பையும் ஒட்டக் கறந்தார், அப்புறம் "ஒரு காம்பு கன்றுக்குத்தான்" என்று என்னிடமே சொன்னார்! கன்று காலி மடியை முட்டிக்கொண்டு நின்றது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்காவது நாள்தோறும் பாலாக உள்ளே போக வேண்டும். முப்பது கிலோ கன்று என்றால் மூன்று லிட்டர். உங்கள் பசு கறப்பதே மொத்தம் அவ்வளவுதானே, அதில் பாதியை விற்றால் கன்று எதில் வளரும்? பால் போதாமல் வைக்கோலை மென்று வயிறு தொங்குகிறது. இன்னொன்று, தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு வரும், பிறந்த இரண்டாவது வாரத்தில் குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

கேள்வி: ஆங்கஸ் என்கிற வெளிநாட்டு இறைச்சி மாடு பாலே கறக்காதாமே, கன்று மட்டும் எப்படி அவ்வளவு பெரிதாகிறது?

கறக்கும், மனிதர் யாரும் கறப்பதில்லை. ஏழு மாதம் வரை அத்தனையும் கன்றுக்கே. அமெரிக்காவில் தாயின் பாலை அளப்பதே கன்றின் எடையை வைத்துத்தான், 205 நாள் எடை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சிம்மென்டால் மாதிரி பால் கூடுதலான இனத்தில் கன்று இன்னும் கனமாக வரும். ஆனால் மேய்ச்சல் காய்ந்த இடத்தில் அந்தப் பாலே பசுவை இளைக்க வைத்துவிடும், இளைத்த பசு பருவத்துக்கு வராது, அடுத்த கன்று தள்ளிப்போகும். கொரங்காடு என்கிற நம் மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கும் கணக்கு இதேதான்.

கேள்வி: அப்படியானால் ஜெர்சி சினை ஊசி போட்டுவிடலாமா?

கிடேரி பிறந்தால் பால் கூடும், தீவனச் செலவும் கூடும். காளைக் கன்று பிறந்தால் காங்கேயம் காளைக்குச் சந்தையில் கிடைக்கிற விலையை மறந்துவிடுங்கள். கொரங்காட்டில் முளைக்கிற கொழுக்கட்டைப் புல்லை நம்பி இருப்பவர் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

கேள்வி: மயிலைப் பசுவுக்குச் செவலைக் கன்று பிறந்திருக்கிறது. ஊசி மாறிவிட்டதா?

மாறவில்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாகத்தான் இருக்கும். ஆறு மாதம் பொறுங்கள், சாம்பல் ஏறும்.