பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

பாட்டுக் கேட்டுக்கொண்டு படித்தால் மூளை சுறுசுறுப்பாகும், பாடம் நன்றாக ஏறும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டு நல்லதுதான். ஆனால் படிக்க உட்காரும் முன்பு கேளுங்கள், படிக்கும்போது வேண்டாம் என்பேன்.

கல்லூரிக் காலம் முழுக்க ஹெட்போனைக் கழற்றாமல்தான் படித்தேன். ஒரு தேர்வுக்கு முந்தைய இரவு பொருளாதார நோட்டைப் புரட்டினால், பணவீக்கத்தைப் பற்றிய வரிக்கு நடுவில் "மழை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. காதில் ஓடிய பாட்டின் சொல் அப்படியே தாளில் இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

வாய் திறக்காமல் படித்தாலும் உள்ளுக்குள் ஒரு குரல் வாசித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு போன் நம்பரைக் குறித்துக்கொள்ளும் வரை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்வோமே, அதே குரல். பாட்டின் வரிகளும் அங்கேதான் வந்து மோதுகின்றன. ஆலன் பேட்லி என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 1989இல் வெளியிட்ட சோதனைகளில், எண் வரிசையை நினைவில் வைக்கும் வேலையை வெறும் வாத்திய இசையைவிட வாய்ப்பாட்டு அதிகமாகக் கெடுத்தது.

"மொசார்ட் கேட்டால் அறிவு வளரும்" (மொசார்ட் பழைய ஐரோப்பிய இசைமேதை) என்ற பேச்சு 1993இல் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பியது. 10 நிமிடம் மொசார்ட் கேட்டவர்கள், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகளில் கொஞ்சம் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலன் போய்விட்டது. குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் சிடி கொடுக்க நிதி கேட்டார்! நம்பிச் செலவழித்த பெற்றோரை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான். 2001இல் வந்த இன்னொரு ஆய்வில், சோகமான மெதுவான இசைக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மனசு உற்சாகமானதுதான் காரணம், மொசார்ட் அல்ல.

அந்த உற்சாகம் பொய்யில்லை. பிடித்த பாட்டில் உடல் சிலிர்க்கும்போது மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரக்கிறது. அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே சுரக்கத் தொடங்கிவிடுகிறது என்று 2011இல் கனடாவில் மூளையைப் படமெடுத்தே காட்டினார்கள். பாட்டு அத்தனை இழுக்கும்போது கவனம் புத்தகத்தில் எப்படி நிற்கும்?

இப்போது உட்காரும் முன் இரண்டு பாட்டு முழுசாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிவிடுகிறேன். பழகிய கணக்குகளைப் போடும்போது மட்டும் புல்லாங்குழலோ வயலினோ மெல்ல ஓடும்.

மனப்பாடத்துக்குத்தான் மெட்டு பெரிய துணை. பள்ளியில் முதல் 20 தனிமங்களை ஒரு மெட்டில் போட்டுப் படித்தேன், இன்றும் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஆனால் பொட்டாசியத்துக்கு அடுத்தது என்ன என்று திடீரென்று கேட்டால், ஹைட்ரஜனிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் கால்சியம் கிடைக்கிறது.