சும்மா நிற்கிற பைப்பை அறுக்கலாமா?

கேள்வி: சார், சென்னையில் 35 வருடப் பழைய ஃபிளாட்டில் இருக்கிறோம். மூன்று மாடிக் கட்டடம், எங்களுடையது இரண்டாவது மாடி. பாத்ரூமை மாற்றிக் கட்டுகிறோம். மூலையில் தூண் போல ஒரு செங்கல் கட்டு இருந்தது, ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு வைக்க இடம் கிடைக்குமே என்று இடித்தோம். உள்ளே நாலு இன்ச் பைப் ஒன்று, அதை ஒட்டி இரண்டு இன்ச் பைப் ஒன்று. சின்ன பைப்பில் தண்ணீரே வருவதில்லை. "இது வெறும் ஏர் பைப்தான், அறுத்து மூடி போட்டுடலாம்" என்கிறார் பிளம்பர். அறுக்கலாமா?
- ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: வேண்டாம் அம்மா. பிளம்பர் சொன்னதில் பாதி சரி, அது ஏர் பைப்தான். அந்த "வெறும்"தான் தப்பு.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் களக் களக் என்று விட்டு விட்டுத்தானே ஊற்றும், எதிர் மூலையில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக இறங்குமே, அந்த இரண்டாவது ஓட்டைதான் உங்கள் சின்ன பைப். மேல்வீட்டில் ஃப்ளஷ் செய்தால் நாலு இன்ச் பைப்பில் இறங்குகிற தண்ணீர், முன்னால் இருக்கும் காற்றை அமுக்கிக்கொண்டும் பின்னால் இருப்பதை இழுத்துக்கொண்டும் போகும். அதற்கு ஏர் பைப்பில் வழி இல்லையென்றால் உங்கள் டிராப்பில்தான் (கழிவுநீர் போகும் வழியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) வழி தேடும். கம்மோடிலும் தரையில் உள்ள நஹானி டிராப்பிலும் தேங்கி நிற்பது சுமார் இரண்டு இன்ச் தண்ணீர், சாக்கடை வாடைக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே இருப்பது அது மட்டும்தான்.

என் மச்சினர் வீட்டிலேயே பார்த்தேன், மதுரையில். புது பாத்ரூம் முடிந்து பத்து நாளில் வாடை. ஃபினாயில் மாற்றினார்கள், டிராப்பின் மேல் இருக்கும் ஓட்டை மூடியான ஜாலியை மாற்றினார்கள், ஊதுபத்திகூட ஏற்றி வைத்தார்கள். நான் ஜாலியைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். மேலே ஃப்ளஷ் சத்தம் கேட்டதும் டிராப்பில் இருந்த தண்ணீர் ஒரு குதி குதித்து, சர்ரென்று உள்ளே இறங்கி, அடியில் ஒரு விரற்கடை மட்டும் மிஞ்சியது. ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தால், அறுத்த ஏர் பைப்பின் வாயில் சிமெண்ட்! உங்கள் கட்டடத்தில் அறுத்தால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் இதே கதிதான், அவர்களுக்கும் அந்த பைப்பில்தான் காற்று. அதனால் அசோசியேஷனில் ஒரு வார்த்தை சொல்லாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

முதலில் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். மழைநீர் பைப் மொட்டை மாடித் தளத்தின் மட்டத்திலேயே தொடங்கும், ஏர் பைப் தளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், தலையில் குல்லா மாதிரி கவுல் இருக்கும். (துணி காயப்போடும்போது வாடை வருகிறது என்று அதன் வாயில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள்.) எது உங்கள் பைப் என்று குழப்பமாக இருந்தால் மேலிருந்து ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொல்லி, கீழே பைப்பில் காதை வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். உங்களுக்கு மேலே மூன்றாவது மாடியில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்: அவர்கள் கம்மோடுக்கு மேலே போகிற நாலு இன்ச் பைப்பில்கூடத் தண்ணீர் வராது, அதுவும் காற்றுக்குத்தான். கடைசி மாடியில்தான் அதை "வேஸ்ட்" என்று அறுத்துவிடுகிறார்கள்.

நானாக இருந்தால் பைப்பைத் தொடவே மாட்டேன். அந்தக் காலத்து மேஸ்திரி நாலரை இன்ச் செங்கல் வைத்துப் பூசி மூடியிருப்பார், அதற்குப் பதிலாக மெல்லிய ஃபிரேம் அடித்து சிமெண்ட் போர்டு வைத்து டைல்ஸ் ஒட்டினாலே பக்கத்துக்கு மூன்று இன்ச் வரை இடம் கிடைக்கும். கிளீனிங் டோர் (அடைப்பு எடுக்க பைப்பில் இருக்கும் திறப்பு) இருக்கிற இடத்தில் மட்டும் கழற்றுகிற மாதிரி ஒரு சின்னக் கதவு.

நகர்த்தியே தீர வேண்டும் என்றால் 90 டிகிரி எல்போ வேண்டாம், 45 டிகிரி பெண்ட் இரண்டு போடச் சொல்லுங்கள். படுக்கையாக ஓடும் பகுதி லேசாகச் சரிந்திருக்க வேண்டும், உள்ளே சேரும் ஈரம் திரும்பி வடியட்டும். அந்தப் பகுதி வாஷ்பேசின் விளிம்புக்கு அரை அடியாவது மேலே இருக்கட்டும், இல்லையென்றால் கீழே அடைத்துக்கொள்ளும் நாளில் அழுக்குத் தண்ணீர் ஏர் பைப்பில் ஏறி அங்கேயே தங்கிவிடும். பைப்பின் பருமனைக் குறைக்கக் கூடாது. நாலரை இன்ச் சுவரில் காடி எடுத்து, அதாவது பள்ளம் வெட்டி, பைப்பைப் புதைப்பது, பீமைக் குடைவது, இரண்டும் கூடவே கூடாது. பழைய கட்டடம் வேறு. பைப் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் மெஷின் போட்டு அறுக்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, ஜாயின்ட்டில் முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், கடையில் ஏர் வால்வு என்று ஒன்றைக் காட்டி இதுவே போதும் என்பார்கள். அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. உங்கள் பேசின் லைனுக்கு மட்டும் என்றால் சரி. மூன்று வீட்டு பைப்புக்கு அது ஈடாகாது. உள்ளே ரப்பர் இருக்கிறது, என்றாவது கெடும், சுவருக்குள் வைத்துப் பூசவும் முடியாது.

கேள்வி: ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பாத்ரூம் நாறுகிறது. இதுவும் ஏர் பைப் கோளாறா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை, டிராப் தண்ணீர் காய்ந்திருக்கும். ஒரு வாளி ஊற்றுங்கள், போய்விடும். அடுத்த தடவை கிளம்பும்போது நஹானி டிராப்பில் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள், சீக்கிரம் காயாது. அப்பளம் பொரித்த எண்ணெயே போதும்.