வரையாடு யாருக்குப் பங்காளி?

அன்புள்ள ஐயா,

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில் வரையாட்டுக் கூட்டத்தைப் பார்த்தோம். கொம்பு, நடை, பாறையில் தொற்றி ஏறுவது எல்லாமே வெள்ளாடுதான். ஆனால் கோவையில் பயோடெக்னாலஜி படிக்கும் என் மகள், "டி.என்.ஏ. படி இது செம்மறிக்குத்தான் நெருக்கம்" என்று அடித்துச் சொல்கிறாள். காங்கேயம் பக்கம் பரம்பரையாக ஆடு வளர்த்த குடும்பம் எங்களுடையது. எங்கள் கண்ணுக்குப் படாதது டி.என்.ஏ. எழுத்தை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடுமா? அதுவும் போக, எது எதற்குச் சொந்தம் என்று காட்ட, ஒரே தரவை வைத்து அவள் போடும் உறவு மரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி வருகிறது. இதை எப்படி நம்புவது?

சி., பொள்ளாச்சி

அன்புள்ள சி.,

மகள் சொல்வது சரி. முன்பெல்லாம் இமயமலை, அரேபியா, நம் மலை மூன்றிலும் உள்ள வரையாடுகளை ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டு வைத்திருந்தார்கள். 2005இல் ரோப்பிக்கே, ஹசானின் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். மூன்றும் மூன்று பக்கம் போயின. இமயமலையுடையது வெள்ளாட்டோடு, அரேபியாவுடையது வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டோடு, நம்முடையது செம்மறியோடு. அதனால்தான் நம் வரையாட்டுக்கு நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம் வந்தது. பாறையில் பிழைக்க வேண்டியிருந்தால் உடம்பும் அதற்கு ஏற்றாற்போல் அமைந்துவிடும். நீங்கள் மட்டுமல்ல, விலங்கியல்காரர்களும் அதில் ஏமாந்தவர்கள்தான்.

ஆனால் "எழுத்தை எண்ணுவது" என்கிறீர்களே, அதை நான் ஒப்ப மாட்டேன். வெறுமனே எண்ணினால் தப்பான விடையும் வரலாம். கல்யாணப் பேச்சில் முகஜாடை பார்த்தா பங்காளி என்று முடிவு செய்கிறோம்? எந்தக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கிறீர்கள் என்றுதானே கேட்கிறோம். இங்கேயும் அதே கேள்விதான்.

சைட்டோகுரோம் பி என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். பாலூட்டிகளில் சுமார் 1,140 எழுத்து நீளம். ஒவ்வொரு விலங்கின் எழுத்து வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடத்துக்கு இடம் பொருந்துமாறு அடுக்குவார்கள். ஆட்டு வகையில் சேராத மாட்டையும் கூடவே வைப்பார்கள். புரிவதற்காக நானே எழுதும் உதாரணம் இது: ஓரிடத்தில் மாடு, வெள்ளாடு, செம்மறி மூன்றிலும் ஏ, வரையாட்டில் மட்டும் ஜி. இது உறவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வரையாடு தனியாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வேறோர் இடத்தில் மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் சி, செம்மறிக்கும் வரையாட்டுக்கும் டி. இதுதான் சாட்சி. பழைய எழுத்து சி என்பது மாட்டால் தெரிகிறது, புதிய டி-யை இரண்டு பேர் மட்டும் பங்கிட்டிருக்கிறார்கள். பழையதை இருவர் வைத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. வெள்ளாட்டு வழி மெதுவாக மாறி, செம்மறி வழி வேகமாக மாறியிருந்தால், எண்ணிக்கையில் வரையாடு வெள்ளாட்டைப் போலவே தெரியும். உறவு செம்மறியோடே இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், டி.என்.ஏ.வில் இருப்பது ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்து. ஒரே மாற்றம் இரண்டு வழிகளில் தனித்தனியாக நடக்கலாம், மாறியது திரும்பியும் வரலாம். அதனால் எதிர்ச்சாட்சிகளும் கிடைக்கும். மிகக் குறைந்த மாற்றத்தில் எந்த மரம் முடிகிறது என்று பார்ப்பது ஒரு முறை. எந்த எழுத்து எந்த வேகத்தில் மாறும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, கையில் உள்ள தரவு வருவதற்கு எந்த மரத்தில் வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பது இன்னொன்று. 1981இல் ஃபெல்சென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இதை டி.என்.ஏ.வுக்கு நடைமுறையில் செய்துகாட்டினார். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான், ஏனென்றால் திரும்பத் திரும்ப மாறும் இடங்களை அது கணக்கில் எடுக்கிறது.

மரம் மாறி வருவதற்கு மகளைக் குறை சொல்ல வேண்டாம். பத்தே விலங்குகளுக்கு வேர் வைத்து வரையக்கூடிய மரங்கள் 3,44,59,425. விலங்குகள் கூடக் கூட எல்லாவற்றையும் சோதிக்க எந்தக் கணினியாலும் முடியாது, எங்கேயோ தொடங்கித் தேடும். தொடங்கிய இடம் மாறினால் முடிவும் சற்று மாறலாம். அப்புறம், கிளை பிரியும் இடத்தில் ஓர் எண் போட்டிருக்கும், பாருங்கள். அது பெரும்பாலும் பூட்ஸ்ட்ராப் எண். அடுக்கிய வரிசைகளில் மேலிருந்து கீழாக வரும் எழுத்துப் பத்திகளைக் குலுக்கி, சில விடுபட, சில இருமுறை வர, புதுத் தரவாக்கி மறுபடி மரம் போடுவார்கள். நூறு தடவையில் 97 தடவை அதே கிளை வந்தால் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். 40 என்றால் அந்த இடத்தைப் பிரிக்காமல் விட்டுவிடுவதே நேர்மை. மகளின் மரத்தில் தடவைக்குத் தடவை மாறுவது அநேகமாக இந்த மாதிரிக் கிளைகளாகத்தான் இருக்கும்.

என்றாலும் 97ஐக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. வேகமாக மாறிய இரண்டு வழிகள் உறவே இல்லாமல் ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது தரவு கூடக் கூட தப்பும் உறுதியாகிக்கொண்டே போகும். இன்னொன்று, சைட்டோகுரோம் பி தாய்வழியாக மட்டும் வருவது. காட்டு வெள்ளாட்டு இனங்களில் தாய்வழி டி.என்.ஏ. ஒரு மரத்தையும், தந்தைவழி ஒய் குரோமோசோம் வேறொரு மரத்தையும் காட்டியதாக 2006இல் ஓர் ஆய்வு வந்தது. வரையாட்டு முடிவை நான் நம்புவதற்குக் காரணம், 2005 ஆய்வில் தாய்வழி மரபணுவோடு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் பார்த்திருந்தார்கள் என்பதுதான்.

மகள் மாட்டை மட்டும் வெளியாளாக வைத்திருந்தால், அது ரொம்ப தூரத்துச் சொந்தம். சத்தியமங்கலத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மேய்கிறதே வெளிமான், அது ஆட்டு வகைக்கு மாட்டைவிட நெருக்கம், ஆனால் அந்த வகைக்கு வெளியே நிற்பது. அதன் வரிசையையும் சேர்த்து ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இமயமலை வரையாட்டையும் விட்டுவிட வேண்டாம், அது இல்லாமல் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும்.