பழைய சோல் இசைத்தட்டை மறுபடி வெளியிட யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். 1967இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு சின்ன லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) வெளியிட்ட சோல் இசை 45, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்ன இசைத்தட்டு, என்னிடம் இருக்கிறது. அதை 300 பிரதி அச்சிட்டு வெளியிட ஆசை. ஒருவர் மின்னஞ்சலில் வந்து, “மாஸ்டர் டேப் (ஸ்டுடியோவில் பதிவான மூல டேப்) என்னிடம்தான் இருக்கிறது, உலக உரிமையும் என்னுடையது, 1,200 பவுண்டுக்கு எழுதித் தருகிறேன்” என்கிறார். “ஐம்பது வருஷம் தாண்டிவிட்டதால் எப்படியும் பிரச்சினை வராது, இது ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்றும் சொல்கிறார். பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். உரிமை காலாவதியாகிவிட்டது என்றால் அவர் விற்பதற்கு ஒன்றுமில்லை. காலாவதியாகவில்லை என்றால் அது அவர் கைக்கு எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் சொல்கிறவர் எதையும் காட்டப்போவதில்லை என்பதே பொதுவான அனுபவம்.

ஒரு 45இல் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. பாட்டை எழுதியவருக்கும் அவருக்காகப் பாட்டு உரிமையை நிர்வகிக்கும் பப்ளிஷருக்கும் உரியது ஒன்று. அன்று ஸ்டுடியோவில் பதிவான ஒலிக்கு உரியது இன்னொன்று. பாட்டு உரிமைக்கு வழி சுலபம், கடைசியில் சொல்கிறேன். உங்களை இப்போது மிரட்டுவது ஒலிப்பதிவு உரிமைதான்.

முதலில் அந்த ‘ஐம்பது வருஷம்’. பிரிட்டனில் 2013 நவம்பர் 1 முதல் ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாகிவிட்டது. 1967இல் வெளியான தட்டுக்கு இது 2037 டிசம்பர் 31 வரை ஓடும். அதற்குள் காலாவதியானவற்றை மட்டும் அந்தத் திருத்தம் உயிர்ப்பிக்கவில்லை. எனவே 1962 கடைசி வரை வெளியானவை பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒலிப்பதிவு உரிமை இல்லாதவை. இந்த ஒரு விலக்கை வைத்துக்கொண்டுதான் ஊரெல்லாம் ஏமாற்று நடக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கணக்கில் வருவது வெளியான ஆண்டு. பதிவான ஆண்டு இல்லை. 1962இல் ஸ்டுடியோவில் பதிவாகி 1964இல் கடைக்கு வந்த தட்டு 2034 கடைசி வரை பாதுகாப்பில் இருக்கிறது. தரகர்கள் டேப் பெட்டியில் எழுதிய தேதியைக் காட்டி ‘62’ என்பார்கள். நீங்கள் தட்டு வெளியான தேதியைத் தேட வேண்டும். அடுத்து, இந்த விலக்கு அட்லாண்டிக்கைத் தாண்டாது. அதே 1962 தட்டு அமெரிக்காவில் 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாக்கப்பட்டது. ஹாரோவிலிருந்து டெட்ராய்ட்டில் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு பார்சல் அனுப்பினாலும் அமெரிக்கச் சட்டத்துக்குள் கால் வைத்துவிட்டீர்கள். மூன்றாவது, ஒலிப்பதிவு விடுதலையானாலும் பாட்டு விடுதலையாவதில்லை. எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை அதற்குப் பணம் கட்டத்தான் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, உங்கள் தட்டு 1967. இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிய தரகர் அடுத்துச் செய்யக்கூடியது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் தேடிப் பார்த்தேன், இந்தப் பதிவு பற்றி ஒன்றுமே இல்லை என்று அச்செடுத்து அனுப்புவது. இருக்காதுதான். 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவான ஒலிகளுக்கு அங்கே மத்திய அரசின் பதிப்புரிமையே கிடையாது. 2018 வரை மாநிலச் சட்டங்களின்கீழ்தான் பாதுகாப்பு. 2018 அக்டோபரில் வந்த இசை நவீனமயமாக்கல் சட்டம்தான் இவற்றை மத்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரையிலானவற்றுக்குக் கெடு 2067. ஆகவே பதிவேட்டில் பெயர் இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. தட்டின் நடுவே ஒட்டிய காகித லேபிளில், ஒலிப்பதிவு உரிமையைக் காட்டும் வட்டத்துக்குள் ‘பி’ குறி இல்லை என்ற வாதமும் அப்படித்தான். அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் குறியே 1972இல்தான் வருகிறது. 1967 அமெரிக்க லேபிளில் அது அச்சாகியிருந்தால் தட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

தட்டைச் சந்தேகப்படுவது நல்ல பழக்கம். அரிய அமெரிக்க சோல் தட்டுகளுக்கு ஆடும் வட இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் கிளப்புகளுக்காக 1970களில் ஏராளமான போலித் தட்டுகள் அச்சடிக்கப்பட்டன. போலியில் எழுத்தாளர் பெயரும் பப்ளிஷர் பெயரும்கூட மாறியிருக்கலாம். அதை நம்பி உரிமையாளரைத் தேடினால் சுவரில் முட்டுவீர்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வெற்று வளையத்தை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டெட்ராய்ட் தட்டுகள் பல, மிச்சிகனின் ஓவோசோ ஊரிலிருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங் ஆலையில் அச்சானவை. அவற்றில் ‘ஏஆர்பி’ என்ற முத்திரை அழுத்திப் பதிந்திருக்கும். கையால் கீறியதுபோல் இருந்தால் கவனம். அதே வளையத்தில் உள்ள மேட்ரிக்ஸ் எண் (தட்டின் அடையாள எண்) லேபிளில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒப்பந்தத்துக்குத் தேவைப்படும்.

இப்போது உரிமை. ஊரில் நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்டு, வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தானே முன்பணம் கொடுக்கிறோம்? இங்கேயும் அதே முறைதான். பாடகர் அல்லது தயாரிப்பாளர் லேபிளோடு போட்ட ஒப்பந்தம்தான் உரிமைச் சங்கிலியின் முதல் கண்ணி. லேபிள் கைமாறியிருந்தால் விற்பனைப் பத்திரம். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுரிமைக்கான நீதிமன்ற ஆவணம். ஒவ்வொன்றிலும் தேதியும் கையெழுத்தும் வேண்டும், இந்தப் பாட்டின் பெயரோ மேட்ரிக்ஸ் எண்ணோ இருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் கடைசியில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருடைய கையெழுத்துக்கு மதிப்பில்லை.

கண்ணி விட்டுப்போவது ஏதோ சின்ன ஆட்களுக்கு மட்டும் நேர்வதில்லை. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1968இல் அட்லாண்டிக் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தைவிட்டுப் பிரிந்தபோதுதான், அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த மாஸ்டர்கள் அத்தனையும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருப்பது தெரியவந்தது. இன்றும் ஸ்டாக்ஸ் பாட்டு வேண்டுமென்றால் 1968க்கு முன்னா பின்னா என்று பார்த்து வேறு வேறு கதவைத் தட்ட வேண்டும். டெட்ராய்ட்டிலேயே ரிக்-டிக் லேபிள் 1968இல் மோட்டவுன் கைக்குப் போனது; மோட்டவுன் எம்சிஏ, பாலிகிராம் வழியாக யுனிவர்சலில் முடிந்தது. உங்கள் சின்ன லேபிளும் இப்படி ஒரு பெரிய வயிற்றுக்குள் போயிருக்கலாம். போயிருந்தால், 300 பிரதிக்காக எழுதும் கடிதத்துக்குப் பெரிய நிறுவனங்கள் மாதக்கணக்கில் பதில் போடுவதில்லை. உரிமையை அமுக்கி வைத்திருப்பார்கள், தானும் வெளியிட மாட்டார்கள், கேட்பவருக்கும் பதில் சொல்ல மாட்டார்கள். நியாயமாக நடக்க நினைப்பவரைக் களைத்துப்போக வைத்துத் திருட்டுப் பதிப்புக்காரனுக்குச் சந்தை பிடித்துக் கொடுப்பது இந்த மௌனம்தான்.

“டேப் என்னிடம் இருக்கிறது” என்பதற்கு வருவோம். டேப் ஒரு பொருள். ஏலத்திலோ மூடிய ஸ்டுடியோவின் குப்பையிலோ கிடைத்திருக்கலாம். அதை வைத்திருப்பதால் பதிப்புரிமை வராது. அது உண்மையான மாஸ்டர்தானா என்பதும் தெரியாது. பெட்டியின் மூடியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டுடியோ பெயர், தேதி, எண் இருக்க வேண்டும். பாட்டு தொடங்கும் முன்னும் தேய்ந்து முடியும் இடத்திலும் சேர்த்து ஒலித்துண்டு கேளுங்கள். டேப்பின் இரைச்சல் சீராக இருக்கும். 1.33 விநாடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்று தட்டினால் அது ஏதோ ஒரு 45இலிருந்து பிரதியெடுத்த டேப். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் தட்டில் ஒரு கீறல் அந்த இடைவெளியில்தான் திரும்ப வரும். அந்த வேலையை உங்கள் தட்டை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம்.

அவர் தரப்போகும் ஒரு பக்கக் கடிதத்தில் “எனக்கு இருக்கக்கூடிய உரிமைகள் எவையோ அவற்றை” என்ற தொனியில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பூஜ்யம் இருந்தால் பூஜ்யத்தைத் தருகிறேன் என்று பொருள். வழக்கு வந்தால் நஷ்டஈடு தருவேன் என்ற வாக்குறுதியும், முகவரியே தெரியாத ஆளிடமிருந்து வந்தால் காகிதச் செலவுதான்.

நீங்களே தேடுங்கள். லேபிளில் பாட்டுத் தலைப்பின் கீழ் அடைப்புக்குறிக்குள் எழுதியவர் பெயர், பப்ளிஷர் பெயர், பெரும்பாலும் ‘பிஎம்ஐ’ (பாடலாசிரியர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் அமெரிக்க அமைப்பு) என்ற எழுத்து இருக்கும். பிஎம்ஐயின் இணையத் தேடலில் போட்டால் இன்றைய பப்ளிஷர் யார் என்று தெரியும். அமெரிக்கப் பதிப்புரிமைப் பட்டியலின் 1967 தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன; பாட்டை யார் பெயரில் பதிந்தார்கள் என்று அதில் பாருங்கள். பழைய பில்போர்டு இதழ்கள் கூகுள் புக்ஸில் இருக்கின்றன, லேபிள் முதலாளி பெயர் ஒரு துண்டுச் செய்தியிலாவது அகப்படும். டெட்ராய்ட் அமைந்துள்ள வெய்ன் கவுன்டி அலுவலகத்தில் வணிகப் பெயர்ப் பதிவையும், முதலாளி காலமாகியிருந்தால் அங்குள்ள வாரிசு நீதிமன்றக் கோப்பையும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன் பாடகரையோ குடும்பத்தையோ கண்டுபிடியுங்கள். அன்று ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டியது யார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பாட்டு ஏற்கெனவே ஏதாவது தொகுப்பில் வந்திருந்தால் அதன் உறையைப் பாருங்கள். லண்டனின் கென்ட், சிகாகோவின் நியூமரோ குரூப் போன்ற மறுவெளியீட்டு லேபிள்கள் யாரிடம் உரிமம் வாங்கின என்று அச்சிடுவது வழக்கம். அங்கே தனியுரிமம் கொடுத்திருந்தால் உங்களுக்கு மறுபடி கொடுக்க முடியாது.

எவ்வளவு தேடியும் உரிமையாளர் கிடைக்கவில்லையா? பிரிட்டனின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் 2014 முதல் ‘ஆதரவற்ற படைப்பு’களுக்கு உரிமம் தருகிறது. தேடியதற்கான சான்றைக் காட்ட வேண்டும், அதிகபட்சம் ஏழு ஆண்டு, பிரிட்டனுக்குள் மட்டும். வாங்குபவர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு சந்தைக்கு எல்லைக்குள் மட்டும் செல்லும் உரிமம். அதற்கும் படிவம் படிவமாக நிரப்ப வேண்டும்.

பணக் கணக்கையும் பாருங்கள். கடைக்கு 7 பவுண்டு மொத்தவிலை என்று வைத்தால் 300 பிரதிக்கு 2,100 பவுண்டு. அதில் 20 சதவீத ராயல்டி 420 பவுண்டு. செலவு போக லாபத்தில் சரிபாதி என்பதும் நல்ல லேபிள்களிடம் உள்ள வழக்கம். 1,200 கேட்கிறவர் அச்சுச் செலவுக்கு முன்பே உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் கேட்கிறார். உண்மையான உரிமையாளர் கிடைத்தால் ஒப்பந்தத்தில் பாட்டின் பெயர், மேட்ரிக்ஸ் எண், பிரதி எண்ணிக்கை, நாடுகள், ஐந்து அல்லது ஏழு ஆண்டுக் கெடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். முன்பணத்தில் பாதியைக் கையெழுத்தின்போதும் மீதியைச் சோதனைத் தட்டு வந்த பிறகும் கொடுங்கள். உரிமை லேபிள் வாரிசிடம் இருந்தாலும் பாடகருக்கென்று ஒரு பங்கை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 1967இல் அவர்களில் பலருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

பாட்டு உரிமைக்கு, இங்கே அச்சிடுவதானால் எம்சிபிஎஸ் (பாட்டைப் பிரதியெடுப்பதற்கான பணத்தை எழுதியவர்களுக்காக வசூலிக்கும் பிரிட்டிஷ் அமைப்பு) தரும் ஏபி2 உரிமம். மொத்தவிலையில் 8.5 சதவீதம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. உங்கள் 300க்கு சுமார் 178 பவுண்டு. அச்சிடும் முன்பே கட்ட வேண்டும், பெரும்பாலான ஆலைகள் அந்தத் தாள் இல்லாமல் வேலையைத் தொடங்காது. ஆனால் எம்சிபிஎஸ் தாளைக் காட்டி “எல்லா உரிமையும் வாங்கியாயிற்று” என்று சொல்பவரையும் நம்பாதீர்கள், அது ஒலிப்பதிவைத் தொடவே தொடாது.

தரகருக்கு இரண்டே வரியில் பதில் எழுதுங்கள்: லேபிளின் மூல ஒப்பந்தத்திலிருந்து உங்கள் பெயர் வரையுள்ள ஆவணங்களின் நகல், டேப் பெட்டியின் படம். “வேறொருவர் கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள்” என்று வந்தால் அவருக்கே கொடுக்கச் சொல்லிவிடுங்கள். ஆவணங்கள் ஒழுங்காக வந்தால், அவற்றில் கடைசியாக உரிமையாளர் என்று எழுதியிருக்கும் நபரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் போகட்டும். மைத்துனர் கணக்கு, நண்பர் கணக்கு என்றால் மறுத்துவிடுங்கள்.