கேள்வி பதில்

கேள்வி: ஜாஸ் பியானோ கலைஞர்களில் நல்ல ஆசிரியர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: என் ஓட்டு பாரி ஹாரிஸுக்கு. 1929-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அம்மா தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர். முதல் பாடம் அவரிடம்தான். இளம் வயதிலேயே வீடு தேடி வந்த இசைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். 1960-இல் நியூயார்க் போனார். டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் ‘தி சைட்வைண்டர்’ இசைத்தட்டில் பியானோ இவர்தான். அந்தப் புகழோடு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை! 1982-இல், ஜாஸ் வாசிக்கவும் கற்றுக்கொடுக்கவும், ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர் என்ற இடத்தைத் திறந்தார். ஐந்து வருடத்தில் அது மூடிவிட்டது, வகுப்பு மட்டும் நிற்கவில்லை.

அவர் பாடத்தில் எனக்குப் பிடித்தது இது: மேஜர் ஸ்கேல் என்ற சுர வரிசையின் ஏழு சுரங்களில், ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே இன்னொன்றைச் செருகி எட்டாக்குவார். ஒவ்வொரு சுரத்திலிருந்தும் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு சுரங்களை அடுக்கினால், மேஜர் சிக்ஸ்த், டிமினிஷ்டு என்ற இரண்டு வகை கார்டுகள் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து) மாறி மாறி வரும். (தலை சுற்றுகிறதா? கீபோர்டில் வாசித்துப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் பிடிபடும்.)

கொரோனா காலத்தில், தொண்ணூறு வயதில், ஜூமில் வகுப்பெடுத்தார். 2021 டிசம்பரில் கொரோனாவால்தான் இறந்தார்.