டயப்பரோடு சுழன்ற துணிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அழுக்குத் துணிகளோடு குழந்தையின் டயப்பரும் ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. கதவைத் திறந்தால் வேகவைத்த ஜவ்வரிசியைக் கொட்டியதுபோல எல்லாத் துணியிலும் ஜெல். இன்னொரு முறை அலசவிட்டால் போய்விடுமா? மெஷின் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: அலசவிடாதீர்கள். முதலில் ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மெஷின் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதைக் கெடுப்பது டயப்பரைவிட, பதற்றத்தில் ஓட்டும் இரண்டாவது அலசல்தான்.

டயப்பருக்குள் மரக்கூழ்ப் பஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடியும் இருக்கின்றன. இந்தப் பொடி தண்ணீரில் கரையாது, உறிஞ்சி ஊதும். எவ்வளவு ஊதும் என்பதைத் தண்ணீரில் உள்ள உப்புதான் தீர்மானிக்கிறது. சிறுநீர் அளவுக்கு உப்பு இருந்தால் தன் எடையைப்போல் முப்பது, நாற்பது மடங்கு. உப்பே இல்லாத சுத்தமான நீரில் சில நூறு மடங்கு. சோப்புத்தூள் கரைந்த நீரில் ஓரளவு அடங்கியிருந்த ஜெல், கடைசி அலசலில் நல்ல தண்ணீர் வந்ததும் முழுசாக ஊதிவிடுகிறது. கதவைத் திறந்ததும் நீங்கள் பார்த்தது அதைத்தான். ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் ஜெல் அதிகமாகவும், கரிப்பான போர் தண்ணீர் வரும் வீட்டில் குறைவாகவும் இருக்கும்.

ஆகவே ஜெல்லைத் துரத்துகிற வழி, அதைக் காயவைப்பது. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தரையில் விரித்த பழைய போர்வை மேல் உதறுங்கள். குளியலறையில் வேண்டாம். ஜெல் பட்ட தரை எண்ணெய் கொட்டியதுபோல வழுக்கும், சாக்கடைக் குழாயும் அடைபடும். ஈரத்தில் பாதிதான் உதிரும், மீதி ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்படியே மாடிக் கொடியில், உள்பக்கம் வெளியே தெரியும்படி காயப்போடுங்கள். நல்ல வெயிலில் ஒரு நாளில் ஜெல் சுருங்கி ரவைபோல் ஆகிவிடும். அப்போது உதறினால் பொலபொலவென்று கொட்டும். பாக்கெட், காலர் மடிப்பு, பேன்ட் விளிம்பு ஆகியவற்றைப் பழைய டூத் பிரஷால் தட்டிவிடுங்கள். உதறும்போது மூக்கை மறைத்துக்கொள்வது நல்லது, குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள். கறுப்புத் துணியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பஞ்சை அகல செல்லோ டேப்பால் ஒற்றி எடுக்கலாம். குளியல் துண்டுகள்தான் அதிகம் படுத்தும். அவற்றின் நூல் வளையங்களுக்குள் ரவை சிக்கிக்கொள்ளும், இரண்டு நாள் காயவைத்து இரண்டு முறை உதற வேண்டியிருக்கும். உதறி முடிக்கும்வரை இஸ்திரி போடாதீர்கள். டயப்பரின் மேல்துணி பாலிப்ரொப்பிலீன், சுமார் 160 டிகிரியில் உருகும். பருத்திக்கு வைக்கிற சூடு அதைவிட அதிகம். ஒரு இழை உருகினாலும் பெட்டியின் அடியில் பசையாகப் பிடித்துக்கொள்ளும்.

துணி காய்கிற நேரத்தில் மெஷினைப் பாருங்கள். ட்ரம்மில் இருப்பதைக் காய்ந்த துணியாலும் அட்டைத் துண்டாலும் வழித்தெடுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பை விரலால் விரித்து, அடிப்பகுதியில் நன்றாகத் துடையுங்கள். ஒரு கைப்பிடி ஜெல்லாவது அங்கே ஒளிந்திருக்கும். சாதா வேக்யூம் கிளீனரை ஈர ஜெல்லில் வைக்காதீர்கள், அதன் மோட்டார் போய்விடும்.

அடுத்தது பம்ப் ஃபில்டர். பெரும்பாலான ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் முன்பக்கம் கீழ் மூலையில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து, கீழே ஒரு தட்டையும் பழைய துண்டையும் வையுங்கள். உள்ளே குட்டி ரப்பர் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியாகத் தண்ணீரை வடியுங்கள். பிறகு ஃபில்டரை இடப்பக்கமாக மெல்லத் திருகுங்கள். ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் வரலாம். ஃபில்டரைச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாமல், அது இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பின் சின்ன விசிறி தெரியும். அதில் பஞ்சும் ஜெல்லும் சுற்றியிருந்தால் குச்சியால் எடுத்து, விசிறி திரும்புகிறதா என்று தள்ளிப் பாருங்கள். ஃபில்டரை இறுக்கி மூடுங்கள், தளர்வாக இருந்தால் அடுத்த முறை தரை முழுக்கத் தண்ணீர்.

கதவைத் திறந்தபடி ஒரு நாள் விடுங்கள். ட்ரம் துளைகளில் காய்ந்து ஒட்டியிருப்பதைத் துடைத்த பிறகு, துணி போடாமல் ரின்ஸும் ஸ்பின்னும் மட்டும் ஓட்டுங்கள். இப்போது மட்டும் ஏன் தண்ணீர் என்று கேட்கலாம். ட்ரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே கை போகாது. அங்கே மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தைத் தண்ணீர்தான் கொண்டுவர வேண்டும். ஓட்டி முடித்ததும் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது சுத்தமாக வரும்வரை இதையே செய்யுங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று முறையில் முடியும். எல்ஜி மெஷினில் ‘ஓஇ’ என்றோ, சாம்சங்கில் ‘5சி’ என்றோ திரையில் வந்தால் தண்ணீர் வடியவில்லை என்று அர்த்தம். மறுபடி ஃபில்டரைத் திறக்க வேண்டும்.

கேள்வி: சென்னையில் அடைமழை. துணி காயவே மாட்டேன் என்கிறது, ஜெல்லும் பிசுபிசுவென்றே இருக்கிறது. வேறு வழி?

பதில்: அந்தப் பொடி காற்றின் ஈரத்தையும் இழுக்கும், அதனால்தான் காயவில்லை. உங்களுக்குக் கல் உப்பு உதவும். 10 லிட்டர் தண்ணீரில் கால் கிலோ கல் உப்பைக் கரையுங்கள். மூன்று நான்கு துணிகளை மட்டும் போட்டுக் கால் மணி நேரம் அலம்புங்கள். உப்பு நீர், ஜெல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். உருண்டைகள் சுருங்கித் துணியை விட்டு வாளியின் அடிக்குப் போகும். துணியை நல்ல தண்ணீருக்கு மாற்றும் முன் கையால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் ஜெல் நல்ல தண்ணீர் பட்டதும் திரும்ப ஊதும். வாளித் தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஜெல்லைச் செய்தித்தாளில் பொதிந்து, டயப்பரைப் போடுகிற குப்பையிலேயே போடுங்கள்.

உப்பை மெஷினுக்குள் கொட்டச் சொல்வோரும் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஐம்பது லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பு ஜெல்லை அவ்வளவாக அசைக்காது. நிறையப் போட்டு, அது அலசாமல் தங்கினால் ஸ்டீல் ட்ரம்மில் புள்ளி புள்ளியாகத் துரு வரும்.

கேள்வி: வினிகரும் ப்ளீச்சும் சேர்த்து ஊற்றலாமா?

பதில்: ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆபத்து.

கேள்வி: எங்களுடையது டாப் லோடு. டயப்பர் சம்பவத்துக்குப் பிறகு தொட்டியில் தண்ணீர் நிற்காமல் பின்குழாய் வழியாக வழிந்துகொண்டே இருக்கிறது.

பதில்: வடிகால் வால்வின் வாயில் ஜெல்லோ பஞ்சோ, டயப்பரின் பிளாஸ்டிக் கிழிசலோ மாட்டியிருக்கிறது, வால்வு முழுசாக மூடவில்லை. தொட்டிச் சுவரில் உள்ள வலைப்பையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அடியில் சுற்றும் பல்சேட்டருக்குக் கீழேதான் பெரும்பங்கு சேர்ந்திருக்கும். நடு மூடியை எடுத்தால் ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி, பல்சேட்டரை இரு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும். ஒரு பக்கமாக நெம்பினால் விளிம்பு உடையும். வாரண்டியில் இருக்கும் மெஷினில் ஸ்க்ரூவைத் தொடாமல் சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: துணியில் ஒன்றிரண்டு ஜெல் மணிகள் தங்கிவிட்டால் குழந்தையின் தோலுக்குக் கெடுதலா?

பதில்: இல்லை, டயப்பருக்குள் இருந்ததும் அதே பொருள்தான். வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலம் பட்ட டயப்பர் என்றால், ஜெல் முழுக்கப் போன பிறகு, சூடு தாங்கும் துணிகளை 60 டிகிரியில் ஒருமுறை துவையுங்கள்.

கேள்வி: பம்ப் போய்விட்டது, வாரண்டியில் சேராது என்கிறார்கள். டயப்பர் பாக்கெட்டிலும் எச்சரிக்கை இல்லை. யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

பதில்: மெஷின் நிறுவனத்திடம் இலவசமாகக் கிடைப்பது கடினம். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கு. வெளிப்பொருள் சிக்கியதால் வரும் பழுதைப் பெரும்பாலான வாரண்டி அட்டைகள் விலக்கியிருக்கும், உங்கள் அட்டையில் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். டயப்பர் நிறுவனத்தின் மீதும் வழக்கு வலுவாக நிற்காது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த, வெளிப்படையான ஆபத்துக்கு எச்சரிக்கை இல்லை என்று கேட்க முடியாது என்று 87-வது பிரிவு சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பொருளைத் துவைக்கக்கூடாது என்பது அந்த வகையில்தான் வரும்.

உங்கள் உரிமை வலுவாக இருக்கும் இடம் சர்வீஸ் கட்டணம். பம்ப் எரிந்ததா, அடைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அடைப்பு என்றால் சுத்தம் செய்தாலே ஓடும், புதுப் பம்ப் தேவையில்லை. மாற்றத்தான் வேண்டும் என்றால் உதிரிபாக விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்கிய பிறகு சம்மதியுங்கள். கழற்றிய பழைய பம்பையும் பில்லையும் கேட்டு வாங்கி வையுங்கள். மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கியிருந்தால், அந்தப் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.